புரத ஆய்வை மாணவர்களிடமும் பொதுமக்களிடமும் கொண்டுசெல்ல: முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புரதக் கட்டமைப்பில் ஆய்வு செய்கிறவர்கள் தங்கள் வேலையைப் பள்ளி மாணவர்களுக்கோ பொதுமக்களுக்கோ எடுத்துச் சொல்ல முன்வரும்போது, பெரும்பாலும் ஸ்லைடு தயாரிப்பதில்தான் முதலில் இறங்குகிறார்கள். ஆனால் ஒரு மணி நேர உரைக்குப் பின்னால் அனுமதிக் கடிதங்களும், படங்களுக்கான உரிமங்களும், காப்புரிமை குறித்த கேள்விகளும், பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கான ஒப்புதல் படிவங்களும் வரிசைகட்டி நிற்கின்றன. இவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. இந்த வேலையில் நான் பட்ட பாட்டை அடுத்து வருகிறவர்கள் படவேண்டாம் என்பதற்காகவே, எதை எந்த வரிசையில் செய்வது, எங்கே மாட்டிக்கொள்ள நேரும், எதற்குப் பணம் ஆகும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஏற்கெனவே வெளியான ஆய்வைப் பற்றிய உரை என்றால் மூன்று மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வெளியாகாத ஆய்வு என்றால் ஆறு மாதம் வேண்டும்.

1. எதையெல்லாம் வெளியே சொல்லலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

உங்கள் பேச்சில் வரப்போகும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது ஏற்கெனவே அச்சிலோ, இதழ் ஏற்கும் முன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் முன்வெளியீட்டுத் தளத்திலோ வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் அச்சமின்றிப் பேசலாம். வரவில்லை என்றால் கீழே உள்ள நான்கையும் பாருங்கள்.

முதலாவது, இணை ஆசிரியர்களின் இசைவு. வாய்மொழியாகச் சொன்னது போதாது. எந்தப் படம், எந்த முடிவு, எந்த நிகழ்ச்சி என்று குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து செய்த வேலையில் பதில் வருவதற்கே சில வாரங்கள் ஆகிவிடும்.

இரண்டாவது, காப்புரிமை. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். பள்ளியில் பேசினாலும், நூலகத்தில் பேசினாலும், அது பொதுவெளியில் வெளிப்படுத்தியதாகவே கொள்ளப்படும். ஐரோப்பியக் காப்புரிமை நடைமுறையில், விண்ணப்பம் போடும் முன்பே வெளிப்படுத்திவிட்ட கண்டுபிடிப்பு புதுமையை இழந்துவிடுகிறது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தியிருந்தால் ஓராண்டு அவகாசம் உண்டு என்றாலும், அதை நம்பி மற்ற நாடுகளின் உரிமையை இழப்பது வீண். நீங்கள் வடிவமைத்த நொதியோ, ஒரு புரதத்தோடு பிணையும் மருந்து மூலக்கூறோ உரையில் வருகிறது என்றால், உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்தில் இந்தப் பிரிவு உரையை நிறுத்திவைக்கச் சொல்வது நடக்கக்கூடியதே. எங்கள் உரை ஒன்றும் அப்படித் தள்ளிப்போயிருக்கிறது. எனவே இந்தக் கடிதத்தைத்தான் முதன்முதலில் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, ஆய்விதழின் தடைக்காலம். ஏற்கப்பட்டு அச்சுக்குக் காத்திருக்கும் கட்டுரையைப் பற்றி ஊடகங்களிடம் பேசக் கூடாது என்று சில இதழ்கள் நிபந்தனை விதிக்கின்றன. உங்கள் உரைக்குச் செய்தியாளர் வருவதாக இருந்தால் அந்த நிபந்தனையைப் படித்துப் பாருங்கள்.

நான்காவது, புரதக் கட்டமைப்புகளின் பொதுக் களஞ்சியமான புரதத் தரவு வங்கியில் நீங்கள் இட்ட ஆயங்கள் (ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்கள்) வெளியிடப்பட்டுவிட்டனவா என்பது. இட்ட பிறகு அதிகபட்சம் ஓராண்டு வரை அவற்றை வெளியிடாமல் வைத்திருக்கலாம். புதிய கட்டமைப்புகள் வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை உலகப் பொது நேரம் 00:00 மணிக்கு வெளியாகின்றன. செவ்வாய்க்கிழமை உரையில் கட்டமைப்பின் அடையாளக் குறியைச் சொல்லி, "வீட்டுக்குப் போய் நீங்களே திறந்து பாருங்கள்" என்றால், திறக்க அங்கே எதுவும் இருக்காது. தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு புரதம், ஒரு கேள்வி

ஆய்வகத்தின் மொத்த வேலையையும் சொல்ல நினைக்காதீர்கள். ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கு விடை தேடும் பாதையில் கேட்பவர்களை அழைத்துச் செல்லுங்கள். உங்கள் சொந்தப் புரதம் பெயரே கேட்டிராத ஒன்றாக இருந்தால், தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கி உங்களுடையதற்கு வாருங்கள்.

நான் எப்போதும் ஹீமோகுளோபினிலிருந்தே தொடங்குகிறேன். இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டு, பீட்டா சங்கிலிகள் இரண்டு என நான்கு சங்கிலிகள். மொத்தம் 574 அமினோ அமிலங்கள். பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்தால் அரிவாள் செல் சோகை உண்டாகிறது. இத்தனை அமினோ அமிலங்களுக்கு நடுவே ஒரு பீட்டா சங்கிலிக்கு ஒன்று மட்டும் மாறினால் ஏன் ஒரு மனிதனின் இரத்த அணுவே வளைந்துபோகிறது என்ற கேள்வி ஒன்றே முழு உரைக்கும் போதும்.

ஒரு வேண்டுகோள்: கேட்பவர்களில் அந்த நோய் உள்ளவரோ அவருடைய குடும்பத்தாரோ இருக்கலாம். நோயைப் படமாகக் காட்டும்போது வேதனையில் இருக்கும் நோயாளியின் புகைப்படத்தைத் தவிர்த்துவிடுங்கள். மூலக்கூறே போதுமான அளவு பேசும்.

3. தரவு, மென்பொருள், உரிமம்

இந்தத் துறையில் இருக்கும் பெரிய வசதி, மூலத் தரவு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருப்பது. புரதத் தரவு வங்கியில் ஆய்வின் மூலம் கண்டறியப்பட்ட 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் உள்ளன. அவற்றின் ஆயங்களை எந்த நிபந்தனையும் இன்றி யாரும் பயன்படுத்தலாம். ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் கணினி கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகளும், யூனிப்ராட்டில் புரத வரிசைகளும் கிடைக்கின்றன. இவை இரண்டும், மூலத்தைக் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவை.

பொறி எங்கே இருக்கிறது என்றால், ஆய்விதழில் வெளியான படங்களில். கட்டுரையை எழுதியவர் நீங்களேயாக இருந்தாலும், பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் படத்தை உங்கள் துண்டறிக்கையில் அச்சிட அனுமதி வாங்க வேண்டும். சில பதிப்பகங்கள் கட்டணமும் கேட்கும். இதற்கு எளிய வழி, அந்தப் படத்தைத் தொடாமல், பொதுவெளியில் உள்ள ஆயங்களிலிருந்து புதிதாக ஒன்றை வரைவது. அரை நாள் வேலை. அனுமதிக்கு எழுதிக் காத்திருப்பதைவிடக் குறைவு.

மென்பொருளைப் பொறுத்தவரை, எதையும் நிறுவ முடியாத பள்ளிக் கணினியில் உலாவியிலேயே இயங்கும் மோல்ஸ்டார் போதும். நேர்த்தியான படம் வேண்டுமானால் கிமேராஎக்ஸ். கல்விப் பயன்பாட்டுக்கு இது இலவசம். பைமால் விலைக்கும் கிடைக்கிறது, திறந்த மூல வடிவிலும் கிடைக்கிறது.

படத்தைச் சேமிக்கும்போதே, கட்டமைப்பின் அடையாளக் குறி, மென்பொருளின் பெயர், உரிமம், தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு யாராவது படத்தைக் கேட்டு எழுதுவார்கள். அந்தத் தாள் இல்லையென்றால் உங்கள் படத்தையே உங்களால் பகிர முடியாது.

4. படத்தை எப்படித் தயாரிப்பது

மேலே சொன்ன ஹீமோகுளோபினையே எடுத்துக்கொள்வோம். 4எச்எச்பி என்ற குறியில் ஆக்ஸிஜன் இல்லாத நிலையில் உள்ள இயல்பான ஹீமோகுளோபின் கிடைக்கும். அதைத் திறந்தவுடன் திரையில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் நீர் மூலக்கூறுகள். அவற்றை மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் கேள்வியே அவற்றைப் பற்றித்தான் வரும். பின்னணியை வெள்ளையாக்குங்கள். பள்ளிக்கூடத்து ப்ரொஜெக்டர்களில் கறுப்புப் பின்னணியில், புரதச் சங்கிலியைக் காட்டும் நாடாக்கள் மங்கிப்போய்த் தெரியும். ஆல்ஃபா சங்கிலிகளுக்கு ஒரு நிறம், பீட்டா சங்கிலிகளுக்கு ஒரு நிறம் என இரண்டே நிறங்கள் கொடுங்கள். சிவப்பையும் பச்சையையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பானவை. ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும் ஹீம் குழுக்களை மட்டும் கோளங்களாகக் காட்டி, நடுவில் இரும்பணுவைத் தனித்துத் தெரியும்படி வையுங்கள்.

அடுத்து 2எச்பிஎஸ். இது அரிவாள் செல் ஹீமோகுளோபின்; இதில் இரண்டு ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அருகருகே இருக்கும். ஒன்றின் பீட்டா சங்கிலியில் உள்ள 6-ஆம் வாலின், அடுத்த மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85-ஆம் பினைல்அலனினும் 88-ஆம் லியூசினும் சேர்ந்து அமைக்கும் குழியில் போய்ப் பொருந்தியிருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள். வாலினும் நீரை வெறுப்பது, அந்தக் குழியும் நீரை வெறுப்பது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மூலக்கூறுகள் இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகி, இரத்த அணுவை உள்ளிருந்தே வளைக்கின்றன. இந்த ஒரு படத்துக்காக முன்னால் உள்ள பத்து படங்களையும் நீக்கலாம். அதைத் திரையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் பேசாமல் இருங்கள்; மாணவர்கள் தாங்களாகவே பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

எல்லாப் படங்களிலும் அளவுக்கோல் இருக்கட்டும். ஹீமோகுளோபினின் அகலம் ஏறத்தாழ 6 நானோமீட்டர். ஒரு சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 முதல் 8 மைக்ரோமீட்டர். அந்த அணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. அளவுக்கோல் இல்லாத படத்தைப் பார்க்கிறவர்கள், நுண்ணோக்கியில் கண்ணால் கண்டதைத்தான் நீங்கள் காட்டுகிறீர்கள் என்று எண்ணிவிடுவார்கள்.

5. அளந்தது எது, கணித்தது எது

இந்தப் பகுதியில்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். பொதுமக்களுக்கு எக்ஸ்-கதிர்ப் படிகவியலில் அளந்த கட்டமைப்பும், கணினி கணித்த மாதிரியும், ஓவியர் வரைந்த படமும் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாட்டைச் சொல்லும் கடமை நமக்கே உண்டு. ஒவ்வொரு படத்தின் அடியிலும் "ஆய்வில் அளந்தது", "கணினி கணித்தது", "ஓவியம்" என்று மூன்றில் ஒன்றை எழுதிவிடுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஆல்ஃபாஃபோல்ட் மாதிரிகளில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை நம்பக மதிப்பெண் தரப்பட்டிருக்கும். 90-க்கு மேல் அடர்நீலம், 70 முதல் 90 வரை வெளிர்நீலம், 50 முதல் 70 வரை மஞ்சள், 50-க்குக் கீழே ஆரஞ்சு. ஆரஞ்சு நிறத்தில் நூல்போல் நீண்டு சுருளும் பகுதிகளைப் புரதத்தின் உண்மையான வடிவமாகக் காட்டுவது மிகவும் பரவலான தவறு. அப்படிப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் நிலையான வடிவமே இல்லாதவை. படம் அழகாக வரவேண்டும் என்பதற்காக இந்த நிறங்களை மாற்றி ஒரே நிறமாக்கிவிட்டால், படத்திலிருந்த நேர்மையும் அதோடு போய்விடுகிறது.

அளந்த கட்டமைப்புகளுக்கும் இதே கவனம் தேவை. புரதத் தரவு வங்கியில் ஒவ்வொரு கட்டமைப்போடும் தரச்சோதனை அறிக்கை ஒன்று இருக்கும். பிரிதிறன் (எவ்வளவு நுட்பமாக அளந்தது என்பது) எவ்வளவு, சங்கிலியின் மடிப்புக் கோணங்களைக் குறிக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் எத்தனை அமினோ அமிலங்கள் வழக்கத்துக்கு மாறான கோணங்களில் உள்ளன என்பவை அதில் இருக்கும். உரைக்குத் தேர்ந்தெடுக்கும் கட்டமைப்புக்கு அதை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அந்த அறிக்கையையே காட்டலாம்; ஓர் அறிவியல் முடிவு தன் குறைகளையும் சேர்த்தே வெளியிடுகிறது என்பதை அவர்கள் அங்கே நேரில் பார்க்கிறார்கள்.

6. கையில் தொட்டுப் பார்க்க

முப்பரிமாண அச்சு மாதிரி ஒன்று இருந்தால் கடைசி வரிசையில் இருப்பவர்களும் முன்னே வருவார்கள். கிமேராஎக்ஸில், முப்பரிமாண அச்சுக்கான எஸ்டிஎல் கோப்பாகச் சேமிக்கலாம். நாடா வடிவ மாதிரிகளை அப்படியே அச்சிட்டால் மெல்லிய வளைவுகள் முறிந்துவிடும்; நாடாவைத் தடிமனாக்குங்கள், அல்லது மேற்பரப்பு மாதிரியாக அச்சிடுங்கள். உள்ளங்கை அளவு மாதிரிக்கே பல மணி நேரம் ஆகும். தாங்கு கால்களை உடைத்தெடுக்கத் தனியே நேரம் வேண்டும். எனவே நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அச்சுப்பொறி இல்லையென்றாலும் கவலையில்லை. வளையக்கூடிய தடித்த கம்பி ஒரு மீட்டர், அதில் கோக்க மூன்று நிற மணிகள் போதும். நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களுக்கு மஞ்சள், நேர்மின் உள்ளவற்றுக்கு நீலம், எதிர்மின் உள்ளவற்றுக்குச் சிவப்பு. மஞ்சள் மணிகள் உள்ளே மறைய வேண்டும், நீலமும் சிவப்பும் அருகருகே வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்பியை மடக்கச் சொல்லுங்கள். மடக்கி முடித்ததும், வெளிப்புறத்தில் இருக்கும் ஒரு சிவப்பு மணியை மட்டும் மஞ்சளாக மாற்றிக் கொடுங்கள். அந்த மஞ்சள் மணியை எங்கே ஒளிப்பது என்று அவர்கள் திணறும்போது, அரிவாள் செல் ஹீமோகுளோபினில் நடப்பது தானாகவே விளங்கிவிடும். ஒரு குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

7. பள்ளியோடு கடிதப் போக்குவரத்து

தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் நீங்கள் யார், எந்த வகுப்புக்கு, எத்தனை மாணவர்களுக்கு, எவ்வளவு நேரம், என்ன பொருள்களைக் கொண்டுவருகிறீர்கள் என்பவை ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அதோடு உங்கள் நிறுவனத்தின் அடையாளச் சான்றையும், நிறுவனம் தந்த அனுமதிக் கடிதத்தையும் இணையுங்கள். பல இடங்களில் சிறுவர்களோடு பணிபுரிபவர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்புச் சான்றும் கேட்பார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தேவையா என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

செய்முறை ஏதேனும் இருந்தால் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் தன் மடிப்பு குலைந்து இயல்பு மாறுவதைக் காட்டுவது எளிய செய்முறைதான், ஆனால் ஒவ்வாமை உள்ள மாணவர்கள் இருக்கிறார்களா என்று முன்னரே கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். ஆய்வகத்திலிருந்து கரைசல்களோ உயிருள்ள மாதிரிகளோ எதுவும் பள்ளிக்கு வரக் கூடாது.

புகைப்படம் எடுப்பதாக இருந்தால் பெற்றோரின் கையொப்பம் தேவை. படிவத்தைப் பள்ளி மூலமாக அனுப்பி, திரும்பி வர இரண்டு வாரம் கொடுங்கள். கையொப்பம் வராத பிள்ளைகளைத் தனியாக உட்காரவைப்பதைவிட, படம் எடுப்பதையே விட்டுவிடுவது மேல்.

தேர்வுக் காலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தேதி குறியுங்கள். தேர்வு முடிந்த அடுத்த வாரமே ஏற்றது.

8. பணம்

தரவும் மென்பொருளும் இலவசம் என்பதால் பெரும்பாலும் செலவு வேறு இடங்களில் வரும்: பயணம், அச்சு மாதிரிகள், துண்டறிக்கை, காதுகேளாதோருக்கான சைகை மொழிபெயர்ப்பாளர், அரங்க வாடகை. இவற்றில் சைகை மொழிபெயர்ப்பாளரைத்தான் கடைசியில் நீக்குகிறார்கள். நீக்காதீர்கள், வேண்டுமானால் அச்சு மாதிரிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு நிதிக்கு முன்மொழிவு எழுதும்போதே மக்கள் தொடர்புப் பணி என்று ஒரு தலைப்பைச் சேர்த்துவிட வேண்டும். பல நிதி அமைப்புகள் இதை அனுமதிக்கின்றன. நிதி வந்த பிறகு வேதிப்பொருள்களுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்கு மாற்றக் கேட்டால், தணிக்கையில் கேள்வி வரும்.

9. உரை நாளில் வரும் கேள்விகள்

மூன்று கேள்விகள் எங்கே போனாலும் வரும். விடைகளைத் தயாராக வைத்திருங்கள்.

"ஆக்ஸிஜன் உண்மையிலேயே சிவப்பா?" இல்லை. கார்பனுக்குச் சாம்பல், ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், கந்தகத்துக்கு மஞ்சள் என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். ஓர் அணு, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. தனி அணுவுக்கு நாம் பார்க்கும் பொருளில் நிறம் கிடையாது.

"கணினியே எல்லாவற்றையும் கணித்துவிட்டதே, இனி ஆய்வகம் எதற்கு?" 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும், கட்டமைப்பைக் கணித்ததற்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வி பெருகிவிட்டது. நான் மீண்டும் ஹீமோகுளோபினுக்கே போகிறேன். ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் உள்ள பீட்டா சங்கிலியின் மாதிரியில் ஹீம் இருக்காது, இரும்பும் இருக்காது. ஆக்ஸிஜன் சேரும்போது நான்கு சங்கிலிகளும் எப்படி இடம் நகர்கின்றன என்பதும் தெரியாது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால் விளையும் கேட்டை முன்னறிவதற்கென அந்த முறை உருவாக்கப்படவும் இல்லை. அதே வேளையில், பல ஆண்டுகள் பிடித்த வேலையை அது சுருக்கியிருக்கிறது என்பதையும் மனமாரச் சொல்லுங்கள்.

"இதனால் மருந்து எப்போது வரும்?" இதற்கு மட்டும் ஆண்டுக்கணக்குச் சொல்லாதீர்கள். கட்டமைப்பு தெரிவது மருந்துக்கான பாதையில் ஒரு படி. அதன் பிறகு நச்சுத்தன்மைச் சோதனைகளும் மனிதர்களிடம் செய்யும் கட்டம் கட்டமான ஆய்வுகளும் உள்ளன என்று சொல்லி நிறுத்துங்கள். கேட்பவர் தன் உறவினர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாம். அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லப்போவது நீங்கள் சொன்ன எண்ணைத்தான்.

10. முடிந்த பிறகு

ஸ்லைடுகள், படங்கள், அச்சுக் கோப்பு, படங்களுக்கான உரிமக் குறிப்பு ஆகியவற்றை ஒரே வாரத்துக்குள் ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் ஏற்றுங்கள். அது இலவசம், கோப்புகளை எப்போதும் தேடி எடுக்க உதவும் நிலையான டிஓஐ எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணை ஆசிரியருக்கு அனுப்பினால் அடுத்த ஆண்டு அவரே பாடத்தில் பயன்படுத்திக்கொள்வார். தொடர்ந்து ஈடுபட விரும்பும் மாணவர்களுக்கு, புரதத்தை மடக்கிப் பார்க்கும் ஃபோல்டிட் விளையாட்டைப் பரிந்துரையுங்கள்; 2008-இல் தொடங்கிய அதில் விளையாடியவர்கள், குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸின் புரோட்டியேஸ் நொதிக்குக் கொடுத்த மாதிரி, அதன் படிகக் கட்டமைப்பைத் தீர்க்க உதவியது; அது 2011-இல் ஆய்விதழில் வெளியானது.

கருத்துப் படிவம் வாங்குவதாக இருந்தால் பெயர், வயது, தொலைபேசி எண் எதையும் கேட்காதீர்கள். உரைக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்வியைக் கேட்டு, விடையில் என்ன மாறியது என்று பார்த்தால் போதும். நீங்கள் பதில் சொல்லத் தடுமாறிய கேள்விகளை அன்றிரவே எழுதிவையுங்கள்; இரண்டு நாளில் அவற்றுக்கு விடை எழுதி ஆசிரியர் மூலமாக அந்த வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள், ஒரு வாரம் கழித்து அனுப்பினால் யாருடைய கேள்வி என்று வகுப்பே மறந்திருக்கும்.